புழு வீட்டு வாசல்

ஆண்டர்சன்பேட்டை கடைவீதியில் மனோகருடைய பாத்திரக்கடையில் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போன ஆள் கிடையாது. அப்படி யாராவது வாங்கியிருந்தால் மனோகருக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது. குக்கரைத் தட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்துக் கடையில் இதைவிடக் கனம் என்று சொல்ல வேண்டும். "வேணாம் போங்க" என்று வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடக்க வேண்டும். ஒரு கால் படியைத் தாண்டி, மறு கால் தாண்டாமல் இருக்கிற நேரத்தில், "அட, வாங்கக்கா, இன்னாத்துக்குக் கோவம்" என்று இவன் கூப்பிட வேண்டும். கொஞ்சம் முந்திக் கூப்பிட்டால் கடைக்கு நஷ்டம். பிந்திவிட்டால் ஆள் போய்விடும். இத்தனை வருஷத்தில் அந்த நேரம் மட்டும் அவனுக்குத் தப்பியதே இல்லை.

அதனால்தான் பாக்யலட்சுமி அக்கா காலையில் போன் பண்ணினாள்.

"மனோ, ஒடனே கெளம்பி வா. தோட்டத்து இலையெல்லாம் மருந்தாப் போச்சு. புழு பெருந்தீனியில கீது. ஒருத்தருகிட்ட இலை கேக்கணும். எனக்குப் பேச வராது."

"யாருகிட்டக்கா?"

"வா, சொல்றேன்."

மனோகருடைய அப்பா தசரதன் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு ஆள். அம்மா செத்தபோது இவன் கைக்குழந்தை. ஷிப்டுக்குப் போகிற மனுஷன் குழந்தையை எங்கே வைத்துக்கொள்வார்? பூதிகோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வெள்ளாமை பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மீசை அரும்புகிற வரைக்கும் இவன் தின்றதெல்லாம் அந்த மண்ணில் விளைந்த கேழ்வரகுதான். பாக்யலட்சுமி பெரியம்மாவின் ஒரே மகள். இவனை இடுப்பில் தூக்கினவளும் அவள்தான், முதுகில் ரெண்டு அடி போட்டவளும் அவள்தான். பிறகு இவன் பேட்டைக்கு வந்து பாத்திரக்கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, கடையையே எடுத்து, கல்யாணம் சாவு என்றால் மட்டும் ஊருக்கு எட்டிப் பார்ப்பவனாகிப் போனான்.

தை மாதத்து ஊதக்காற்று காதை அறுத்தது. ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் வியாபாரிக் கண்ணால் பார்த்துக்கொண்டே போனான். மாந்தோப்பு இருந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டிருந்தார்கள். மேட்டில் கேழ்வரகு போய்த் தக்காளிக்குக் குச்சி ஊன்றியிருந்தது. ஏற்றம் இருந்த கிணற்றில் குப்பை. பக்கத்திலேயே போர்வெல் போட்டுக் கறுப்புக் குழாய் பாம்பு பாம்பாகப் போனது. சரக்கு மாறியிருக்கிறது, கடை அதேதான் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு கட்டிடம். ஜன்னலுக்கெல்லாம் பச்சை வலை. அதுதான் பட்டுப்புழு வளர்க்கிற புழு வீடு. இவன் சின்ன வயசில் புழுவுக்கென்று தனி வீடு கிடையாது. நடுக்கூடத்தில் மூங்கில் தட்டுகளை அடுக்கிவைத்துப் புழு மேலே தின்னும், மனுஷர்கள் கீழே தூங்குவார்கள். இப்போது புழுவுக்குச் சிமெண்டுத் தரை, மனுஷர்களுக்குத்தான் இன்னும் ஓடு.

பட்டுப்புழுவுக்கு வாசனை ஆகாது. பவுடர், பீடி, கொசுவத்தி, தாளிப்பு எதுவும் கிட்டே வரக்கூடாது. வெளியாள் வந்தால் நோய் வரும், கண் படும். அதனால் புழு இருக்கிற நாளில் வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்பது அந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் சட்டம்.

மனோகர் வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிய தொட்டியைப் பார்த்ததும் நின்றான். கடைக்குக் கிளம்புகிற பழக்கத்தில் கழுத்துவரை பவுடர் பூசி, சட்டைக்கு சென்ட்டும் அடித்திருந்தான்.

"அக்கா, வாசனையோட வந்துட்டேன்."

"நீ இன்னா வெளியாளா? கால நனைச்சிகினு வாடா."

நனைத்துக்கொண்டு போனான். உள்ளே இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகத் தட்டுகள். சுண்டுவிரல் கனத்தில் வெள்ளை வெளேரென்று புழுக்கள், காம்பு மட்டும் மிஞ்சிய குச்சிகளின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. புழு தீனியை நிறுத்தித் தோலுரிக்கப் படுப்பதை அங்கே ஜுரம் என்பார்கள். நாலு ஜுரமும் முடிந்து எழுந்துவிட்டால் ஒரு வாரம் பெருந்தீனி. போடப் போடத் தின்னும். அந்த வாரம் வயிறு நிறைந்தால் கூடு. நிறையாவிட்டால் குப்பைக்குழி.

அக்கா மகன் சுனிலின் மனைவி மமதா ஒரு தனித் தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். பங்காரப்பேட்டைப் பெண். வீட்டில் கன்னடம், இங்கே தமிழ், போனில் இங்கிலீஷ்.

"நோடி மாவா, இதப் பாருங்க. நேத்து சாயங்காலம் பக்கத்து டொமேட்டோவுக்கு மருந்து அடிச்சாங்க. காத்து நம்ம பக்கம். ஃபுல்லா நம்ம சொப்பு மேலயே, இலை மேலயே. சந்தேகமா இருந்துச்சு, கொஞ்சம் புழுவுக்கு மட்டும் போட்டுப் பாத்தேன்."

தட்டில் இருந்த புழுக்கள் தலையைத் தூக்கி முறுக்கிக்கொண்டு, வாயில் பச்சையாய்க் கக்கிச் சுருண்டிருந்தன.

"நல்ல வேள, எல்லாத்துக்கும் போடல" என்றான்.

"போடலன்னாலும் அதே கதிதான்" என்றாள் அக்கா. "நேத்தே வெட்டி ஈரச்சாக்குல மூடி வெச்ச இலை கொஞ்சம் கீது. மத்தியானத்துக்கு வரும். பொழுது சாயறப்போ இன்னாத்தப் போடுவேன்? ஊருல எல்லாரும் ஒரே நாள்ள புழு எடுத்தவங்க. எல்லார் ஊட்லயும் பெருந்தீனி. வெளியூர்ல கேட்டா நாளைக்கழிச்சுங்கறான்."

"சுனிலுக்குச் சொன்னியா?"

அக்கா வெறுங்காம்புகளை ஒதுக்க ஆரம்பித்தாள். மமதாதான் சொன்னாள். "அவருக்குச் சொல்லல மாவா. காலைல டிரெயின் ஏறிட்டார். போன பேட்ச் போனப்பவே சொல்லிட்டார், இன்னொரு தடவ போச்சுன்னா தோட்டம் லேஅவுட்காரனுக்குன்னு. அவரும் பாவம், தெனமும் பெங்களூர் போயி வந்து எத்தன தடவ இதைத் தாங்குவார்?"

ஆக, சாயங்காலத் தீனி என்பது வெறும் தீனி இல்லை என்பது மனோகருக்குப் புரிந்தது.

"சரி. யார்கிட்ட இலை கீது?"

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "யசோதா தோட்டத்துல."

"தம்மபாலன் அண்ணன் சம்சாரமா? மைசூர் மைன்ஸ்காரரு?"

"ம். இலை ஆள் ஒசரம் நிக்குது. ஆட்டுக்கு வெட்டிப் போடறாங்க. கேட்டாத் தரமாட்டாங்கடா. அவங்க புத்தரக் கும்புடறவங்க. கூட்ட வெந்நியில போடறது பாவம்னு புழு வளக்கறதையே வுட்டவங்க."

மனோகர் அக்காவின் முகத்தைப் பார்த்தான். கேட்காமலேயே காரணம் சொல்கிற ஆளிடம் மடியில் வேறொரு காரணம் இருக்கும் என்பது கடையில் கற்ற பாடம். ஆனால் அக்காவிடம் போய் அந்தக் கணக்குப் பார்ப்பதா என்று விட்டுவிட்டான்.

தம்மபாலன் வீடு வரப்போடு நடந்தால் கூப்பிடு தூரம். மைன்ஸ் மூடினபோது ஊரைவிட்டுப் போகிறவர்களெல்லாம் பெங்களூர் போனார்கள். இவர் மட்டும் எதிர்ப்பக்கம் வந்து நிலம் வாங்கினார். அண்டர்கிரவுண்டில் இருந்த காலமெல்லாம் வெயிலில் ஒரு வேலை செய்ய வேண்டும் என்றிருந்ததாம். சுவரில் புத்தர் படமும் பக்கத்தில் அம்பேத்கர் படமும் தெரிய, வெளியே கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். யசோதா ஆடுகளுக்கு முன்னால் ஒரு கட்டு மல்பெரிக் குச்சியைப் பிரித்துப்போட்டுக்கொண்டிருந்தாள். இலை ஒவ்வொன்றும் கை அகலம். எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. மனோகர் அதைப் பார்க்கவே இல்லை. வேண்டிய சரக்கை முதலில் பார்ப்பவன் வியாபாரி அல்ல.

"ஆடு நல்லா வளந்துகீது யக்கா. எந்த ஊரு ஜாதி?"

யசோதா நிமிர்ந்தாள். "ஆட்டப் பாக்கவா தம்பி ஆண்டர்சன்பேட்டையிலேர்ந்து வண்டி ஓட்டிகினு வந்தீங்க?"

தம்மபாலன் சிரித்துவிட்டார். "மைன்ஸ்ல ஆள எறக்கற கேஜு நேராத்தான்பா எறங்கும். நீ இன்னாத்துக்கு சுத்திகினு எறங்கற? விஷயத்தச் சொல்லு."

மனோகர் வரப்பில் வரும்போதே தைத்துவைத்திருந்த பேச்சை எடுத்தான். "அண்ணே, கொலை பாவம்னு நெனைக்கறவர் நீங்க. அங்க வாயில்லா ஜீவன் அத்தினியும் பட்டினியில கெடக்குது. பின்னால கூடு இன்னாவாவும்ங்கறது பின்னால. இன்னிக்குப் பசிக்குது. பசிச்ச வயித்துக்கு இல்லன்னு சொல்றதும் ஒரு..."

"நிறுத்து, நிறுத்து." தம்மபாலன் கையைத் தூக்கினார். "பசியில சாவறதா, வெந்நியில சாவறதான்னு எங்கையில தராசு குடுக்கறியா? எனக்கு அந்தத் தராசு வேணாம்பா. நான் புழு வளக்கறத வுட்டது எம் மனசுக்கு. அடுத்த ஊட்டுக்குள்ள போயி இன்ஸ்பெக்ஷன் பண்றதுக்கு நான் இன்னா மேஸ்திரியா? உங்கக்கா கூட்டச் சுடட்டும், விக்கட்டும். தோட்டம் ஊட்டம்மாளுது. அவங்களக் கேளு."

வரப்பில் தைத்த பேச்சு அதோடு கிழிந்தது. மனோகர் யசோதா பக்கம் திரும்பினான்.

"யக்கா, சந்தையில இன்னா வெலயோ அதுக்கு மேலயே..."

"ஆடு துன்னுதே, அதுங்ககிட்ட நான் காசு கேக்கறனா?"

"நீங்களே ஒண்ணு சொல்லுங்க."

யசோதா கையிலிருந்த குச்சியைப் போட்டுவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். "உங்க கடையில குக்கர் வாங்குனேன். ஞாபகம் கீதா?"

நிஜமாகவே இருந்தது. நன்றாகப் பேரம் பேசுகிறவர்களை அவன் மறப்பதில்லை. "பெரிய குக்கர். ஒத்துக்கவே மாட்டன்னுட்டீங்க."

"வேணாம்னுட்டு வாசல்வரைக்கும் போனேன். நீங்க கூப்டீங்க."

"கூப்டேன்."

"உங்கக்கா கூப்புடல."

ஆட்டுக்குட்டி ஒன்று இலையை இழுத்துக்கொண்டு ஓடியது. யசோதா அதைப் பார்த்தபடியே சொன்னாள்.

"மூணு வருசம் ஆச்சு. இதே தை மாசம். பாக்யம்மாவுக்கு இலை பத்தலன்னு மமதா சொல்லிச்சு. யாரும் கேக்கல தம்பி, நானா வெட்டித் தலையில வெச்சிகினு போனேன். புழு ஊட்டு வாசல்ல நின்னேன். 'அங்கயே வெச்சிட்டுப் போ யசோதா, வெளியாளுங்க உள்ள வரக்கூடாது'ன்னாங்க. சரி, சட்டம். வெச்சிட்டேன். வேலிகிட்ட வந்து திரும்பிப் பாக்கறேன், இலைக்கு மஞ்சத்தண்ணி தெளிக்கறாங்க. வாடுன இலைக்கு வெறுந்தண்ணி போதாதா? நாங்களும் புழு வளத்தவங்கதான."

தம்மபாலன் அவரைக்காயை விட்டுவிட்டார். "கேஜுல எறங்கறப்போ ஒருத்தன் மூச்சு இன்னொருத்தன் மூஞ்சியில படும்பா. உங்கப்பாவும் நானும் அப்பிடித்தான் எறங்குனோம். மேல வந்தாத்தான் இதெல்லாம் ஞாபகம் வருது."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் யசோதா. மனோகரைப் பார்த்தாள். மூக்கைச் சற்றே சுருக்கினாள். "தம்பி, இவ்ளோ பவுடர் போட்டுகினு வந்துக்கீறீங்களே. உங்கள உள்ள வுட்டாங்களா?"

கடை வாழ்க்கையில் அலுமினியத்தை அலுமினியம் என்று சொல்லாத நாள்களும் உண்டு. ஆனால் இந்த ஒரு கேள்விக்குப் பொய் வாய்வரைக்கும் வரவில்லை. வந்திருந்தாலும் கழுத்து காட்டிக்கொடுத்திருக்கும்.

"வுட்டாங்க."

"ம்" என்றாள் யசோதா. கோபமாகச் சொல்லவில்லை. தட்டிப் பார்த்த பாத்திரத்தின் ஓசையைக் கேட்டுக்கொள்கிற மாதிரி சொன்னாள். "இலைக்கு வெல கெடையாது. கூடு கட்டற வரைக்கும் எத்தினி வேணுமோ வெட்டிக்கலாம். உங்கக்கா வந்து கூப்புடட்டும். நான் உள்ள வந்து எங்கையால போடறேன். அவ்ளோதான்."

பழக்கதோஷம் மனோகரை விடவில்லை. "யக்கா, அவங்களுக்கு வயசாச்சு. தம்பி நான் கூப்புட்டாலும் அவங்க கூப்புட்ட மாதிரிதான. வேணும்னா மமதாவ..."

"கொறைக்க முடியாது தம்பி. ஒரே வெல."

முதல்முறையாகச் சொன்ன விலையைச் சுமந்துகொண்டு மனோகர் வரப்பில் திரும்பி நடந்தான். கனமாகத்தான் இருந்தது.

அக்கா பின்கட்டில் ஊறவைத்த அவரைக்கொட்டைகளைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம். மனோகர் எதையும் மழுப்பாமல் சொன்னான். சொல்லி முடிக்கிறவரை அவள் கை நிற்கவில்லை.

"புழு ஊட்டுச் சட்டம்டா அது. நானா போட்டேன்?"

"நான் உள்ள வந்தேனேக்கா. ஊரே மணக்கற மாதிரி."

"நீயும் அவளும் ஒண்ணா?"

"புழுவுக்கு ஒண்ணுதான்."

அக்கா இரண்டு கொட்டையை வேகமாகப் பிதுக்கினாள். பருப்பு தெறித்து முற்றத்தில் விழுந்தது. "ஊரு இன்னா சொல்லும்?"

"ஊரு இலை தருதா?"

மமதா அடுப்படியிலிருந்து வந்தாள். "அத்தே, போன பேட்ச்ல டொமேட்டோ மண்டி ஆளு உள்ள வந்து வீடியோ எடுத்துட்டுப் போனான். யாரு அவன்? பேரு கூட நமக்குத் தெரியாது. செருப்பக்கூட அவன் கழட்டல."

"நீ வேற எடுத்துக் குடு."

"சும்மா சொன்னேன்" என்று மமதா கீழே விழுந்த பருப்பைப் பொறுக்கினாள்.

மத்தியானம் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும். மனோகர் சின்ன வயசில் இதற்காக அடி வாங்கினவன். இன்றைக்கும் இரண்டாவது உருண்டை கேட்டான். சாக்கில் இருந்த கடைசி இலையை மமதா கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து, வெறுஞ்சாக்கை உதறிக் கொடியில் போட்டாள். அக்கா அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தபா புழு சரியா துன்னல" என்றாள் திடீரென்று.

"எந்தத் தபா?"

"மஞ்ச தெளிச்ச தபா. தலையத் தூக்கிகினே இருந்துச்சுங்க. கூடு தோலா வந்துது. அவ இலை ராசியில்லன்னு ஊரெல்லாம் சொன்னேன்." கையைக் கழுவினாள். கழுவின கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "மஞ்ச வாசனை. எனக்கு அன்னிக்கே தெரியும்."

கொடியிலிருந்த புடவையை எடுத்து மேலே சுற்றிக்கொண்டு எழுந்தாள். மனோகர் கூடவே எழுந்தான். "நீ இரு" என்றாள். அவன் இருக்கவில்லை, பத்தடி பின்னால் போனான்.

யசோதா வீட்டு வேலிப்படல் வரைக்கும் வேகமாக நடந்த அக்கா, அங்கே நின்றுவிட்டாள். படல் திறந்துதான் இருந்தது. உள்ளே யசோதா பார்த்துவிட்டாள், ஆனால் எழுந்து வரவில்லை. மனோகருக்கு அந்த நிமிஷம் நன்றாகத் தெரிந்த நிமிஷம். ஒரு கால் படியில் இருக்கிற நேரம். கூப்பிடுகிறவர்கள்தான் மாறியிருந்தார்கள்.

"யசோதா" என்றாள் அக்கா. தொண்டையைச் செருமிக்கொண்டாள். "வந்து இலை போடு. உள்ள வந்து போடு. எனக்குக் கை பத்தல."

இந்த இடத்தில் கொஞ்சம் காக்கவைப்பதுதான் பேரத்தின் அழகு. மனோகராக இருந்தால் காக்கவைத்திருப்பான். யசோதா காக்கவைக்கவில்லை.

"மொதல்ல நீங்க உள்ள வாங்க பாக்யம்மா. தண்ணி குடிங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு."

அக்கா உள்ளே போனாள். யசோதா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா அதை வாங்கி, ஒரு நொடி உள்ளே பார்த்தாள். பிறகு அண்ணாந்து குடித்தாள். முழுசாகக் குடித்தாள். "தண்ணி இனிப்பா கீதே" என்றாள்.

"போர்வெல்லு ஆழம். மைன்ஸ்காரரு தோண்டுனது, நிறுத்தத் தெரியல" என்றாள் யசோதா.

"வெட்டப் போறமா, சிரிச்சிகினே இருக்கப் போறமா?" என்று தம்மபாலன் அரிவாள்களை எடுத்துப்போட்டார். "பொழுது எறங்கறதுக்குள்ள லோடு ஏத்தணும்."

மனோகர் சின்ன வயசில் இலை இலையாகக் கிள்ளினவன். இப்போது குச்சியோடு அறுத்துப் போடுகிறார்கள். சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு அரிவாளை வாங்கினான். நாலு குச்சி அறுப்பதற்குள், பின்னாலேயே வந்து சேர்ந்த மமதா ஒரு வரிசை முடித்துவிட்டாள். "மாவா, அது குக்கர் கைப்பிடி இல்ல, கெட்டியாப் பிடிக்க வேணாம்" என்றாள். குச்சியில் வடிந்த பால் பட்டு விரலெல்லாம் பிசுபிசுத்தது. குளிர்காற்றிலும் வேர்த்துக் கழுத்துப் பவுடர் கோடு கோடாக இறங்கியது. கட்டுகளைத் தம்மபாலன் தன்னுடைய மொபெட்டில் ஏற்றி, மேலே ஈரச்சாக்குப் போட்டுக் கொண்டுபோனார்.

புழு வீட்டு வாசலில் யசோதா செருப்பைக் கழற்றினாள். சுண்ணாம்புத் தண்ணீரில் காலை நனைத்தாள். கையை முழங்கைவரை கழுவினாள். அதற்குப் பிறகும் நின்றாள். அக்கா உள்ளேயிருந்து ஒரு கட்டுக் குச்சியை நீட்டி, "இந்தா, இந்தப் பக்கம் நீ போடு. அந்தப் பக்கம் நான் போடறேன். நெறையப் போடு, பெருந்தீனி" என்றாள்.

"எனக்கே சொல்லித் தர்றீங்களா பாக்யம்மா?" என்று சொல்லிக்கொண்டே யசோதா உள்ளே போனாள்.

பச்சை வலைக்கு வெளியே வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே யசோதா குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பினாள். வெறுங்காம்பில் கிடந்த புழுக்கள் முதலில் தலையைத் தூக்கின. அக்காவின் கை நின்றுவிட்டது. மமதாவும் மூச்சை அடக்கினாள். ஒரு புழு இலை ஓரத்தில் வாயை வைத்தது. பக்கத்தில் ஒன்று. பிறகு தட்டு முழுக்க வெள்ளை மறைந்து பச்சை அசைய ஆரம்பித்தது.

மனோகர் சட்டையை மாட்டிக்கொண்டு, காலை நனைத்துக்கொண்டு, தானும் பார்க்கலாம் என்று படியில் கால் வைத்தான்.

"தம்பி" என்றாள் யசோதா உள்ளிருந்து, திரும்பாமலேயே. "நீங்க அங்கயே இருங்க. சென்ட் வாசனை."

மனோகர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே அப்படியே நின்றான். அக்காவைப் பார்த்தான். அவள் கூப்பிடுவாள் என்று அந்த நேரம் முழுக்கக் காத்திருந்தான்.

"ஆமாண்டா" என்றாள் அக்கா. "அங்கயே இரு."

அவன் காலை எடுத்து வெளியே வைத்தான். சிரிப்பு வந்தது. கூடவே வேறென்னவோவும் வந்தது. அதை என்ன விலைக்கு எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேப்பமரத்தடியில் வெறுஞ்சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த தம்மபாலன் ஒரு பக்கமாக நகர்ந்து இடம் விட்டார்.

"நீங்க உள்ள போவலியா அண்ணே?"

"எனக்கு இன்னா வேல அங்க? புழு வளக்கறத வுட்டவன்." மடியிலிருந்து உரிக்காத அவரைக்காய் ஒரு கை எடுத்து அவனிடம் கொடுத்தார். "ஒக்காரு. சும்மாத்தான இருக்க, இத உரி."

மனோகர் உட்கார்ந்து உரித்தான். உள்ளே இலைமேல் தூறல் விழுகிற மாதிரி அந்தச் சத்தம் ஆரம்பித்து, பலத்து, கட்டிடத்தையே நிறைத்தது. நடுநடுவே இரண்டு பெண்கள் எதற்கோ வாக்குவாதம் செய்வதும் கேட்டது. மேல் தட்டுக்கு முதலில் போடுவதா, கீழ்த் தட்டுக்கா என்று. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற மாதிரி தெரியவில்லை.